ஏழு வருட கம்ப்யூட்டரில் எது முதலில் போகும்?

வந்த கேள்வி இது. கொட்டிவாக்கத்தில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே வீடு. ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய டெஸ்க்டாப். கொஞ்ச நாளாகக் காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. நாலைந்து தடவை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது. ஆன் ஆகிவிட்டால் ராத்திரி வரை ஒரு தொல்லையும் இல்லை. பார்க்க வந்த மெக்கானிக், “மதர்போர்டு போச்சு, வயசாயிடுச்சு, மொத்தமா மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டார். அதே மாடல், அதே மாதம் வாங்கியது, பெங்களூரில் தம்பி வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு வயசு என்று ஒன்று உண்டா? உண்டென்றால் எந்தப் பாகம் முதலில் போகும்?

முதலில் ஒன்று. அவசரப்பட்டு மதர்போர்டை மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். பக்கம்தான் கைகாட்டுகிறது, அதாவது சுவரிலிருந்து வரும் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பாகம். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் உங்கள் கேள்விக்கும் பதில் அதிலேயே வந்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு ஒட்டுமொத்தமாக ஒரு வயசு கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் தன் கணக்கில் தேய்கிறது. அந்தக் கணக்கைக் காலண்டர் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு சூட்டில் இருந்தது, எவ்வளவு ஈரக்காற்றைக் குடித்தது, எப்படிப்பட்ட கரண்டில் ஓடியது என்ற மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. சென்னையில், அதுவும் கடலோரத்தில், முதல் இரண்டும் மோசம். உங்கள் பெட்டிக்கும் தம்பி பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்ஸில் உருளை உருளையாக நிற்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களில் இருந்து தொடங்குகிறேன், கரண்டைக் கொஞ்சம் சேர்த்து வைத்து வோல்டேஜ் ஆடாமல் பார்த்துக்கொள்பவை இவை. நான் பார்த்தவரை டெஸ்க்டாப்பில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வீணாவது இவைதான். அலுமினியத் தகடு, அதோடு ஒரு திரவத்தில் ஊறிய காகிதம், இரண்டையும் சுருட்டி ஒரு சின்ன டப்பாவில் அடைத்து, அடியில் ரப்பர் வைத்து மூடியிருப்பார்கள். அந்தத் திரவம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். வருடக்கணக்கில் அது ரப்பர் வழியாக ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சூடு கூடினால் வேகமும் கூடும்.

நல்ல கெப்பாசிட்டர் என்றால் மேலே ‘105 டிகிரி’ என்று அச்சிட்டிருக்கும். சாதாரண ரகத்துக்குக் கம்பெனி கொடுக்கும் ஆயுள், அந்தச் சூட்டில் 2000 மணி நேரம். நிறுத்தாமல் ஓட்டினால் மூன்று மாதம்கூட வராது. ஆனால் சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. 105க்குப் பதில் 65 டிகிரியில் ஓடினால் பதினாறு மடங்கு, அதாவது 32,000 மணி நேரம். தினம் பத்து மணி நேரம் ஓடுகிறது என்றால் ஏறக்குறைய எட்டே முக்கால் வருடம் வரும்.

இப்போது அதே பெட்டியை 7 டிகிரி கூடுதல் சூடான அறையில் வையுங்கள். வெளியே 7 டிகிரி கூடினால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். 72 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 19,700 மணி நேரம், ஐந்தரை வருடத்துக்குள் முடிந்துவிடும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்தில்கூட ராத்திரி குளிர்ந்துவிடும். நம் ஊரில் ஏசி இல்லாத அறை ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கும். காகிதக் கணக்கு அப்படியே நடக்காது என்பது சரி. ஆனால் ஐந்தரை, எட்டே முக்கால் என்ற இரண்டு கணக்குக்கும் நடுவில் உங்கள் ஏழு வருடம் வந்து விழுவதைக் கவனியுங்கள்.

காலையில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது? திரவம் குறைந்த கெப்பாசிட்டரில் உள் மின்தடை ஏறிவிடும். ஆறியிருக்கும்போது அது இன்னும் அதிகம். எஸ்.எம்.பி.எஸ். ஆன் ஆனதும் 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் ஐந்து சதவீதத்துக்குள் நிலைக்க வேண்டும். நிலைத்த பிறகு, கால் நொடி அரை நொடிக்குள், ‘கரண்ட் சரியாக இருக்கிறது’ என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் போகும். கெப்பாசிட்டர் தளர்ந்திருந்தால் வோல்டேஜ் நடுங்கும், சிக்னல் போகாது, பாதுகாப்புக்காக எல்லாம் அணைந்துவிடும். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நிற்பது அதனால்தான். நீங்கள் திரும்பத் திரும்ப அழுத்தும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடேறுகிறது, தடை குறைகிறது, ஐந்தாவது தடவை எழுந்துவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்கச் சூடாகவே இருப்பதால் பிரச்சினை தெரிவதில்லை. இன்னொன்றும் உண்டு. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்காவிட்டால், கம்ப்யூட்டர் ஆஃப் ஆன பிறகும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை பகுதி மட்டும் ராப்பகலாக வேலை செய்யும். ஃபேன் நின்றுபோன பெட்டியில் அந்தப் பகுதியில் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர் தனியாக வெந்துகொண்டிருக்கும்.

கடலோர வீட்டிலிருந்து வரும் எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது தூசியின் நிறம்தான். கடலிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டுத் தூசி உதிரியாக இருக்கும், ஊதினால் பறக்கும். இது பழுப்பாகக் கம்பளி மாதிரி ஃபேன் இறக்கையின் முன் விளிம்பில் ஒட்டியிருக்கும், விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். திருகாணித் தலையில் துத்தநாகம் போய் வெள்ளைப் பொடியும், அதற்கு அடியில் செந்துருவும் இருக்கும். அடுத்து, வெளியே போகும் ஒயர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பார்ப்பேன். தலையில் வெட்டுக்கோடு போட்டிருப்பார்கள், அது தட்டையாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மட்டும் மேடாக உப்பியிருக்கும், அடியில் காய்ந்த பழுப்புக் கசிவு தெரியும். சில சமயம் தலை தட்டையாகவே இருக்கும், ஆனால் மீட்டரில் வைத்தால் 1000 மைக்ரோஃபாரட் என்று எழுதியது அதில் பாதிகூடக் காட்டாது. அதனால் உப்பவில்லை என்றால் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது.

நீங்களே திறந்து பார்க்க வேண்டாம், தயவு செய்து. 230 வோல்ட் கரண்ட் உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேலான டிசியாக மாறும், அதைப் பெரிய கெப்பாசிட்டர் பிடித்து வைத்திருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அது உடனே இறங்காமல் இருக்கலாம். அதைப் பழக்கப்பட்டவர் செய்யட்டும்.

மதர்போர்டிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். 1999லிருந்து 2007 வரை, எலக்ட்ரோலைட் கலவை தவறாகப் போன கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் ஏறி, இரண்டு மூன்று வருடத்திலேயே உப்பி வெடித்தன. அதற்குப் பிறகு நல்ல போர்டுகளில் திரவமே இல்லாத பாலிமர் கெப்பாசிட்டர் வந்துவிட்டது. உங்கள் போர்டு ஏழு வருடம் முந்தையது என்றால் ப்ராசஸரைச் சுற்றிப் பெரும்பாலும் அவைதான் இருக்கும். மதர்போர்டு மேல் எனக்குச் சந்தேகம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, உப்புக்காற்று. ‘உப்புக்காத்துல துருப்பிடிச்சிடும்’ என்று எல்லோரும் சொல்வோம், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் தடுப்பதும் சுலபம். சாதாரண உப்புக்கு ஒரு குணம் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கு 33 சதவீதமே போதும். கொட்டிவாக்கம், திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் விடிகாலையில் ஈரப்பதம் 75க்கு மேல் போவது வாடிக்கை. ஆக போர்டு மேல் படிந்த தூசி, மதியம் காய்ந்த தூசியாகவும் விடிகாலையில் கரண்ட் கடத்தும் ஈரப் படலமாகவும் மாறி மாறி இருக்கிறது. அந்தப் படலத்தில் இரண்டு முனைகளுக்கு நடுவே வோல்டேஜ் இருந்தால், ஒரு பக்கத்துச் செம்பு கரைந்து மறுபக்கத்தில் படிந்து நூல் நூலாக வளரும். இரண்டும் தொட்டுக்கொள்ளும் நாளில் ஷார்ட். இல்லையென்றால் ஏதோ ஒரு மெல்லிய கோடு பச்சை பூத்து அறுந்துபோகும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். கடலோரத்தில் ஓடும் கம்ப்யூட்டரைவிட மூடி வைத்த கம்ப்யூட்டர் சீக்கிரம் கெடும். ஓடும்போது உள்ளே சூடு இருப்பதால் ஈரப்பதம் தானாகக் குறைந்து படலம் காய்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து ஆன் செய்தால் வராத பெட்டிகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வீட்டில் யாராவது இருந்தால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். ஏசி அறையிலும் ஒரு எச்சரிக்கை. ஏசியை நிறுத்திய கையோடு ஜன்னலைத் திறந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் வெளிக்காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். கொஞ்ச நேரம் விட்டுத் திறங்கள்.

வட சென்னைக்காரர்களுக்கும் கூவத்தை ஒட்டி இருப்பவர்களுக்கும் உப்போடு கந்தகமும் சேர்கிறது. சாக்கடை வாடையில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பா எலக்ட்ரானிக்ஸ் பொருட்களில் ஈயத்தைத் தடை செய்த பிறகு, சில போர்டுகளில் ஈயப் பூச்சுக்குப் பதில் வெள்ளிப் பூச்சு வந்தது. அதோடு இந்தத் தொல்லை கூடிவிட்டது. சின்ன ரெசிஸ்டர்களின் முனையில் இருக்கும் வெள்ளி கறுத்து அறுந்துபோவதால் வரும் கோளாறைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பட்டிருக்கிறோம். தண்ணீர் புகுந்த கம்ப்யூட்டர் அந்தத் தண்ணீரால் மட்டும் சாவதில்லை. ஈரத்தோடு கரண்ட் கொடுப்பதுதான் கொல்கிறது. காய்ந்துவிட்டது போல் தெரிந்தாலும் சேறும் உப்பும் உள்ளே இருக்கும். ஆன் செய்யாமல் பேட்டரிகளைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரிலும் அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலிலும் கழுவி நன்றாக உலர்த்தினால் எத்தனையோ போர்டுகள் பிழைக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் இது பொருந்தாது. மூச்சுத் துளை வழியாக உள்ளே ஈரம் போயிருந்தால் ஒரு தடவை சுற்றினாலே தட்டு கீறிவிடும். அதைச் சுற்றவிடாமல் டேட்டா மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் என்றதும், மற்ற பாகம் போனால் பணம்தான் போகும், இது போனால் குழந்தையின் முதல் வருடப் படங்கள் போகும் என்பதை நினைவில் வையுங்கள். தட்டு சுற்றும்போது படிக்கும் தலை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அது தளர்வதற்கு முன் சில எண்கள் ஏறும். டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் ‘ரீஅலொகேட்டட் செக்டர்’ (கெட்டு, மாற்றிவிட்ட இடங்கள்), ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்) இரண்டையும் பாருங்கள். பூஜ்ஜியத்தை விட்டு ஏற ஆரம்பித்தால் அன்றே காப்பி எடுங்கள். ‘சிஆர்சி எரர்’ (டேட்டா போய்வரும் வழியில் நடக்கும் பிழை) மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான், டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் இந்த எண்களை நம்பித் தூங்கவும் முடியாது. 2007ல் கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றுகூடக் காட்டாமல் போயிருந்தன. அதே ஆய்வில், சாதாரண அளவுச் சூடு நினைத்த அளவுக்கு டிஸ்க்கைக் கொல்லவில்லை என்றும் தெரிந்தது. கெப்பாசிட்டர் கணக்கை டிஸ்க்குக்குப் போடக் கூடாது.

தட்டுக்குப் பதில் சிப்பில் டேட்டாவை வைக்கும் எஸ்எஸ்டியில் அசையும் பாகம் இல்லை, அதனால் சாகாது என்று நினைப்பவர்கள் நிறைய. அதில் ஒவ்வொரு தடவை எழுதி அழிக்கும்போதும் எலக்ட்ரான்களை ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலத்தின் வழியாகத் தள்ளி உள்ளே அடைக்கிறார்கள். படலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகி, அடைத்த மின்சுமை கசிய ஆரம்பிக்கும். இப்போது விற்கும் டிஎல்சி வகை (ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது), ஆயிரம் முதல் மூவாயிரம் தடவை தாங்கும். வீட்டு உபயோகத்தில் அந்த எல்லையைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. அதற்கு முன்பே டிரைவை நடத்தும் கன்ட்ரோலர் சிப் திடீரென்று நின்றுபோய் டிரைவே காணாமல் போவதுதான் வழக்கம், அதற்கு முன்னறிவிப்பே கிடையாது. இன்னொன்று, எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் டேட்டாவைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சிப் தொழிலுக்கான ஜெடெக் அமைப்பின் தரம். சூடு கூடினால் அந்தக் காலமும் குறையும். பீரோவுக்குள் எஸ்எஸ்டியைப் பூட்டி வைத்துவிட்டு பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

சிப்புக்கு வயசாகுமா? ஆகும், ஆனால் மிக மெதுவாக. மெல்லிய உலோகக் கோடுகளில் ஓடும் கரண்ட், உலோக அணுக்களையே தள்ளிக்கொண்டு போகும். சூடும் கரண்டும் அதை எப்படி வேகப்படுத்துகின்றன என்பதற்கு ஜேம்ஸ் பிளாக் 1969ல் கொடுத்த சமன்பாடு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. சரியாக வடிவமைத்த ப்ராசஸர் உங்கள் பெட்டியின் ஆயுளைத் தாண்டி உழைக்கும். தவறிய சந்தர்ப்பங்களும் உண்டு. 2011 ஜனவரியில் இன்டெல்லின் 6 சீரிஸ் சிப்செட்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா போர்ட்டுகள் காலப்போக்கில் தளர்வது தெரியவந்து, மாற்றிக் கொடுக்க 70 கோடி டாலர் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். 2024ல் இன்டெல்லின் 13, 14வது தலைமுறை ப்ராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கித் தேய்ந்தது தெரிந்து, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் வந்தது, வாரன்டி இரண்டு வருடம் நீட்டப்பட்டது. இதைப் படிக்கும் யாரிடமாவது அந்தத் தலைமுறை இருந்தால் பயாஸ் அப்டேட்டை இன்றே போட்டுவிடுங்கள்.

சிப்பை விடச் சீக்கிரம் தளர்வது, அதைப் போர்டோடு பிடித்திருக்கும் சால்டர் உருண்டைகள். சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, மடக்கி மடக்கி நிமிர்த்திய கம்பி போல ஒரு நாள் விரிசல் விடும். லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் சிப் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். 2008ல் என்விடியா இதே மாதிரி லேப்டாப் சிப் கோளாறுக்கென்று 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. ஹீட் கன்னால் சூடேற்றி ‘சரி பண்ணித் தருகிறேன்’ என்பவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம். விரிசல் சிப்புக்கு உள்ளே இருந்தால் அது சில வாரம் ஓடி மறுபடி படுத்துவிடும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபேனில் எண்ணெய் காயும், ப்ராசஸரின் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் வறளும். இரண்டும் சின்னச் செலவு, ஆனால் கவனிக்காவிட்டால் மற்ற எல்லாவற்றின் ஆயுளையும் குறைக்கும். ரேம் கழன்றது போல் பீப் அடித்தால் ஸ்லாட்டிலிருந்து எடுத்து ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ரப்பர் போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் எல்லா மெக்கானிக்கிடமும் உண்டு, அது மெல்லிய தங்கப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். தேதி பின்னுக்குப் போய், இணையதளம் எல்லாம் ‘பாதுகாப்பு இல்லை’ என்று சொன்னால் போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல்லை மாற்றினால் போதும். யூபிஎஸ் பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு எட்டு பத்து டிகிரிக்கும் பாதி ஆயுளை இழக்கும். நம் ஊரில் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வருவது பேட்டரிக் கடைக்காரரின் சூழ்ச்சி இல்லை. லேப்டாப்பை எப்போதும் பிளக்கில் வைத்திருப்பவர்கள் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகவே ஆகாது. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். இன்றைக்கு ஆன் ஆனதும் முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். தளர்ந்த எஸ்.எம்.பி.எஸ்ஸின் நடுங்கும் வோல்டேஜ் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் தெரிந்தவரிடம் நன்றாக ஓடும் ஒரு எஸ்.எம்.பி.எஸ். வாங்கி, ராத்திரி மாட்டிவிட்டு மறுநாள் காலையில் ஆன் செய்து பாருங்கள். ஆறிய நிலையில் முதல் அழுத்தலிலேயே வந்தால் விஷயம் முடிந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் மதர்போர்டு போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும்.

புதிது வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால் ஸ்டிக்கரில் இருக்கும் வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். கையில் தூக்கிப் பாருங்கள், 450 வாட் என்று எழுதி, கனமே இல்லாமல் காற்று மாதிரி இருக்கும் பெட்டிகள் அங்கே குவிந்து கிடக்கும். கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான ‘80 ப்ளஸ்’ சான்று, 105 டிகிரி கெப்பாசிட்டர், குறைந்தது ஐந்து வருட வாரன்டி, பில் இந்த நான்கும் கேட்டு வாங்குங்கள். அதோடு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போனால் ஒயரிங்கைப் பார்க்க வேண்டும். ஸ்பைக் பஸ்டரையும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பாகம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும், ஏழு வருடத்துக்குப் பிறகு அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

பெட்டியைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி வையுங்கள். மாற்றும்போதே தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட்டும் பட்டன் செல்லும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டும் அதே தொல்லை இருந்தால் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் ப்ராசஸர், ரேம், டிஸ்க் மூன்றையும் கழற்றி வைத்துக்கொண்டு, அதே சாக்கெட்டுக்கு ஒரு போர்டு மட்டும் விசாரியுங்கள். பழைய போர்டை மட்டும் இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுத்தால் போதும்.